நளினி இறங்காத பஸ்

என் அக்கா தேவயானி லேசில் எதையும் நம்பமாட்டாள். பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் பாலை முகர்ந்து பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் வந்தால் சீலை இழுத்துப் பார்ப்பாள். எண்ணெய் டின்னில் பென்சிலால் கோடு போட்டு வைப்பாள். அந்த வீட்டில் அவளைத் தவிர எண்ணெயைத் தொடுகிற ஆள் யாரும் கிடையாது, ஆனாலும் கோடு இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காரும் முன் சாம்பார் வாளியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இலை முன்னால் அமருவாள்.

அவள் தங்கை செங்கமலம் நான், சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் என்னுடையது தொழில்முறைச் சந்தேகம். ஆந்திராப் பக்கத்துப் புத்தூரில் எம்.ஆர்.ஓ என்கிற தாசில்தார் ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என்றைக்கோ செத்துப்போன அப்பா நேற்றுக் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை நகல் எடுக்கக் கொண்டுவருவார்கள், நான் எடுத்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன். கடையைச் சாத்தினால் என் சந்தேகமும் உள்ளேயே தூங்கிவிடும். அக்காவுக்கு ஷட்டரே கிடையாது.

விஜயபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர்கள் நாங்கள். எங்கள் நைனா வேர்க்கடலை மூட்டைகளை எடை போடும்போதெல்லாம் அக்காவைத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்துவார். பத்து வயசுப் பெண், கண் கொட்டாமல் வியாபாரியின் கையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த ஆளுக்கு வேர்த்துவிடும். தப்பு செய்யாதவனுக்கும் அவள் பார்வையில் தப்பு செய்துவிட்ட மாதிரி இருக்கும். அங்கே அவள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான். வாய் திறந்து கேட்கக்கூடாது. "கேட்டா பொய்தான் வரும். புடிக்கணும்," என்பாள். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினாள் என்று சொன்னால் நம்புவது கஷ்டம். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், கூட்டும் சேர்ந்தேன்.

தொண்ணூற்று மூன்றில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை ஜெயச்சந்திரன், எனக்கு மாமா. திருப்பதியில் ஒரு காலேஜ் லைப்ரரியில் உதவியாளர். வீடு புத்தூரில். தினமும் காலையில் பஸ் ஏறிப் போய் சாயங்காலம் பஸ் ஏறி வருகிற வேலை. ஒல்லியான ஆள், சட்டையில் மடிப்புக் கலையாது, குரல் உயர்த்திப் பேசியதை நான் கேட்டதில்லை. இப்படிப்பட்டவர்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது அக்காவின் கட்சி.

மாமாவுக்கு இருந்த ஒரே பைத்தியம் ஒரு கேசட். அந்தக் காலேஜுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு வாத்தியார் வந்து ஒரு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாராம். உயரமான கறுப்பர், லைப்ரரிக்கு வந்தால் மாமாவோடுதான் டீ குடிப்பாராம். ஊருக்குத் திரும்பும்போது தன் கேசட் ஒன்றை மாமா கையில் கொடுத்துவிட்டுப் போனார். டெல்மர் ஸ்ட்ரீட் செவன் என்று ஏழு பேர் கொண்ட குழு, 'கிச்சன் லைட்' என்ற ஆல்பம். சோல், ஃபங்க் என்று அந்த மாதிரிப் பாட்டுக்குப் பேர். காலேஜில் பிள்ளைகளுக்கு உச்சரிப்புப் பழக்க ஒரு பெரிய டேப் மெஷின் இருந்தது. மத்தியானம் தயிர்சாதத்தைத் தின்றபடி மாமா அதில் இந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்பார். ஒரு வார்த்தையும் புரியாது. அப்போது வீட்டில் டேப் ரெக்கார்டர் கிடையாது என்பதால் அக்கா அந்தப் பாட்டுகளை ஒருநாளும் கேட்டதில்லை. அவள் கேட்டது மாமா முணுமுணுத்ததைத்தான்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம். மாமா கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். கன்னத்தில் சோப்பு நுரை. உதடு மட்டும் அசைந்து, "நளினி… நளினி… ஹா," என்று பாடியது. அந்த 'ஹா' வேறு. அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். மறுநாளும் கேட்டாள். குளிக்கும்போதும் அதே நளினிதான். சினிமாப் பாட்டில் இந்தப் பேரில் ஏதாவது உண்டா என்று என்னைக் கேட்டாள். நான் அப்போது டிகிரி படித்துக்கொண்டு அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். எனக்குத் தெரிந்து இந்த ராகத்தில் எதுவும் இல்லை என்றேன். ரொம்பப் பொறுப்பாகத்தான் சொன்னேன். அந்த ஒரு பதிலுக்காக என்னை நானே பல தடவை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாமாவைக் கேட்டுவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். அவள் என்னை முறைத்தாள். "கேட்டா உஷாராயிடுவாரு. அவ திருப்பதியிலதான் இருக்கணும், இல்லன்னா கூடவே பஸ்ல வரணும். நா பாத்துக்கறன்."

அன்று சாயங்காலம் ஆறரைக்கு அவள் முதல் தடவையாகப் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றாள். திருப்பதியிலிருந்து வரும் பல்லெவெலுகு என்கிற கிராமத்து பஸ் உள்ளே நுழைந்தது. மாமா இறங்குவதற்கு முன் யார் இறங்கினார்கள், பின்னால் யார் இறங்கினார்கள், அவர் யாரையாவது திரும்பிப் பார்த்தாரா என்றெல்லாம் கவனித்தாள். மாமா இவளைப் பார்த்ததும் திகைத்துப்போனார். பிறகு சிரித்தாராம். இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தார்கள். மறுநாளும் போனாள். அதற்கப்புறம் பிரசவம், சாவு, புயல் மழை தவிர அவள் போகாத நாள் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் எவ்வளவு நேரம்தான் நின்றுகொண்டிருப்பது? ஓரமாக ஒரு எஸ்.டி.டி பூத் இருந்தது. அதை நடத்தியவள் கௌசிகா என்கிற பெண். அக்காவைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள், கலகலப்பாகப் பேசுவாள். தினமும் நிற்கிறீர்களே என்று பச்சை ஒயர் பின்னிய தன் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு அக்காவை உட்காரவைத்தாள். ஃபேனைக்கூட இந்தப் பக்கம் திருப்பிவிடுவாள். மாமாவுக்கு லேட்டானால் காலேஜிலிருந்து பூத்துக்குப் போன் செய்து சொல்வார், கௌசிகா அதை அக்காவிடம் சொல்வாள். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் திருப்பதி பஸ் திரும்புகிற வளைவு நன்றாகத் தெரியும். இவ்வளவு வசதியான இடம் அக்காவுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

எதையும் நம்பாத அக்கா அந்தப் பெண்ணை மட்டும் நம்பினாள். ஒரு நாள் மனசு தாங்காமல் நளினி விஷயத்தை அவளிடம் சொல்லியும் விட்டாள். அந்தப் பேரில் யாராவது போன் செய்தால், மாமா அப்படி யாருக்காவது போன் செய்தால் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். கௌசிகா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள். சொன்னபடியே ஒரு வாரம் கழித்துச் சேதியும் கொண்டுவந்தாள். திருப்பதியிலிருந்து யாரோ ஒரு பெண் போன் செய்து, ஜெயச்சந்திரன் சார் இறங்கிவிட்டாரா என்று கேட்டாளாம். பேர் கேட்டதும் வைத்துவிட்டாளாம். குரல் சின்னதாக இருந்ததாம். அக்கா இதை வந்து என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தில் என்னவோ ஒரு வெற்றி தெரிந்தது.

அதற்கப்புறம் நாங்கள் நளினிகளைத் தேடினோம். மாமா வேலை செய்கிற காலேஜில் ஒரு நளினி இருக்கிறாள் என்று தெரிந்து, அட்மிஷன் விசாரிக்கிற சாக்கில் என்னைத் திருப்பதிக்கு அனுப்பினாள். போய்ப் பார்த்தேன். கெமிஸ்ட்ரி அம்மா, ரிட்டயராக ஆறு மாதம், மூட்டு வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாராயணவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நளினி என்று ஒருத்தி வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டு, கோயிலுக்குப் போகிறோம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனோம். அந்தப் பெண் நாற்பது புடவை பிரித்துக் காட்டினாள். அக்கா புடவையைப் பார்க்கவே இல்லை, அவள் கழுத்தையும் காதையும் வளையலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளுக்குப் பிடிக்காத ஒரு ஊதாப் புடவையை வாங்கிக்கொண்டு வந்தோம். பெருமாளைச் சேவிக்கவும் மறந்துவிட்டோம்.

இதெல்லாம் சிரிப்புதான். சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. அக்கா மகள் அலர்மேல்மங்கை மூன்றாவது படிக்கும்போது நளினி என்று ஒரு டீச்சர் வந்தார். குழந்தைக்கு அந்த டீச்சர் என்றால் உயிர். அக்கா பாதி வருஷத்தில் அந்த ஸ்கூலிலிருந்தே பிள்ளையை நிறுத்தி வேறு இடத்தில் சேர்த்தாள். குழந்தை ஒரு மாதம் அழுதது. காரணம் கேட்ட மாமாவிடம் அங்கே குடிதண்ணீர் சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

கேசட்டுக்கு என்ன ஆயிற்று? தொண்ணூற்று ஐந்தில் ஒருநாள் டேப் மெஷின் அதைக் கடித்துத் துப்பிவிட்டது. ஒட்டவைக்க முடியவில்லை. மாமா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று சொல்லிப் படுத்துவிட்டார். என்னவென்று கேட்டதற்கு, "கேசட் அறுந்து போச்சி," என்றாராம். கேசட்டுக்காக யாராவது பட்டினி கிடப்பார்களா என்று அக்கா என்னைக் கேட்டாள். நளினிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் என்பது அவள் முடிவு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. கேசட் போன பிறகும் சவரம் செய்யும்போது நளினி வந்துகொண்டுதான் இருந்தாள்.

ஊருக்கு இதெல்லாம் தெரியுமா? ஊர் வேறு கதை பேசிக்கொண்டிருந்தது. புருஷன் வரும் நேரத்துக்குத் தவறாமல் வந்து காத்திருக்கிற மனைவி என்று அக்காவைக் காட்டி, கண்டக்டர்கள் தங்கள் சம்சாரங்களைத் திட்டினார்கள். புதிதாகக் கல்யாணமான பெண்களிடம் தேவயானி அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போய் ஒருத்தி காதிலாவது உண்மையை ஓதிவிடலாமா என்று இருக்கும். செல்போன் வந்ததும் கௌசிகாவின் பூத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. இரண்டாயிரத்து ஆறில் அவளும் முப்பத்து நாலு வயசில் ஒருவழியாகக் கல்யாணம் செய்துகொண்டு சித்தூருக்குப் போனாள். போகும்போது அந்தப் பச்சை நாற்காலியை, உட்கார்ந்து பழகிவிட்டீர்கள் அக்கா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனாள். அது அக்கா வீட்டு ஹாலில் ஜன்னல் ஓரமாக இடம் பிடித்தது. அக்கா வேறு எதிலும் உட்காரமாட்டாள். பஸ் ஸ்டாண்டில் அதற்கப்புறம் சிமெண்ட் பெஞ்சுதான்.

போன வருஷம் மாமா ரிட்டயர் ஆனார். காலேஜில் சால்வை போட்டார்கள், எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வாயே திறக்காத மனுஷன் அன்று மைக் பிடித்துப் பேசினார். முப்பத்திரண்டு வருஷமாக பஸ்ஸில் இடது பக்க ஜன்னல் ஓரத்தைத்தான் பிடிப்பாராம். புத்தூர் வளைவில் திரும்பும்போது அக்கா தெரிவாளாம். அவளைப் பார்த்ததும் அன்றைக்கு ஆபீசில் பட்ட அவமானமெல்லாம் போய்விடுமாம். "நா பெருசா ஒண்ணும் சம்பாதிக்கல. ஆனா தினமும் எனக்கோசரம் ஒருத்தி வந்து நின்னுகினு இருந்தா," என்று சொல்லி உட்கார்ந்தார். சம்சாரம் அண்ட்டே இதி, குடித்தனம் என்றால் இதுதான் என்று பிரின்சிபால் தெலுங்கில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வாயிலிருந்த லட்டு இறங்கவில்லை. அக்கா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். வெட்கம் என்று நினைத்து எல்லாரும் கை தட்டினார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னது இதுதான்: ரிட்டயர் ஆன மறுநாளே அந்த நளினியைப் பார்க்கப் போகாமல் இருக்கிறாரா பார், இனிமேல்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இந்த வருஷம் சங்கராந்தி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அலர்மேல்மங்கையும் அவள் புருஷன் திலீப்பும் சத்தியவேட்டிலிருந்து வந்தார்கள். திலீப் ஸ்ரீசிட்டியில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்க்கிறான். மாமாவோடு பேசும்போதெல்லாம் இந்த அறுந்துபோன கேசட் கதையைக் கேட்டுக் கேட்டு, டெல்மர் ஸ்ட்ரீட் செவன் என்ற பேரை வைத்து இன்டர்நெட்டில் தேடியிருக்கிறான். ஆல்பம் வந்து ஐம்பது வருஷம் ஆனதற்காகப் பழைய ஒலிநாடாவைச் சுத்தம் செய்து புதிதாக இசைத்தட்டு போட்டிருக்கிறார்களாம். அதையும், போட்டுக் கேட்க ஒரு சின்னப் பெட்டியையும் மாமனாருக்காக வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அட்டையில் சமையல்கட்டு மேஜையைச் சுற்றி ஏழு ஆட்கள், தலைமுடி ஒவ்வொருவருக்கும் ஒரு பூசணிக்காய் அளவு. மேலே ஒற்றை பல்ப்.

மாமா அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்தார், பிறகு மறுபடியும் தொட்டார். ஊசி இறங்கியது. முதலில் தாளம் மட்டும், தனியாக, அவசரமே இல்லாமல். அதன் அடியில் பேஸ் கித்தார் நுழைந்தது. வயிற்றில் தட்டுகிற சத்தம். மாமாவின் வலது கால் தரையில் தட்ட ஆரம்பித்தது. முதல் அடியில்தான் கனம் விழ வேண்டும், மற்ற மூன்றும் சும்மா போய்விட வேண்டும், அதுதான் இந்தப் பாட்டின் ரகசியம் என்று எங்களுக்கு விளக்கினார். இந்த ஆளுக்கு இவ்வளவு பேசத் தெரியுமா என்று நான் ஆச்சரியப்பட்டேன். ஊதுகிறவர்கள் நடுநடுவே வந்து பட்டென்று வெட்டிவிட்டுப் போனார்கள். கேசட்டில் கேட்காத கஞ்சிராச் சத்தம் மாதிரி ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

இரண்டாவது பாட்டு மெதுவானது. ஒருவன் கெஞ்சினான், நாலு பெண்கள் பதில் சொன்னார்கள். மார்கழி பஜனையில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அதே முறை. பாஷை தெரியாவிட்டாலும் அவன் ஏதோ தப்பு செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அவ்வளவு உருகிக் கெஞ்சுகிறவனை நம்பக்கூடாது என்றும் தோன்றியது. அக்கா ஜன்னல் ஓரம் பச்சை நாற்காலியில் உட்கார்ந்து மடியில் முறத்தை வைத்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பாட்டில் அவள் மனம் இல்லை. தட்டில் கீறல் இருக்கிறதா, பழையதைப் புதிது என்று தலையில் கட்டிவிட்டார்களா என்று ஏற்கனவே திலீப்பைக் கேட்டு முடித்திருந்தாள்.

மூன்றாவது பாட்டு துள்ளிக்கொண்டு ஆரம்பித்தது. ஊதல்கள் ஏறி ஏறிப் போய் ஓரிடத்தில் நின்றன. பேஸ் மட்டும் இரண்டு எட்டு நடந்தது. அப்போது அந்த ஆள், "நளினி… நளினி… ஹா," என்றான். நாலு பெண்களும் சேர்ந்து நளினி என்றார்கள்.

முறம் கீழே விழுந்தது. கடலை ஹால் முழுக்க ஓடியது. அலர்மேல்மங்கை பொறுக்கக் குனிந்தாள். அக்கா அதைக் கவனிக்கவில்லை. திலீப்பைப் பார்த்து, அந்த இடத்தை மறுபடி போடு என்று கை காட்டினாள். அவன் ஊசியை எடுத்து வைத்தான். மறுபடியும் நளினி. மூன்றாவது தடவையும் கேட்டாள். என்ன சொல்கிறான் என்று கேட்டாள். திலீப் அட்டைக்குள்ளிருந்து பாட்டு வரிகள் அச்சடித்த தாளை எடுத்தான். நௌ லீன் இன் என்று இருக்கிறது என்றான். அதாவது என்னவென்று அக்கா விடவில்லை. மாமியாரிடம் சொல்ல அவனுக்குக் கூச்சம். "இப்ப கிட்ட சாஞ்சி வா, அப்டின்னு அத்த. டான்ஸ் ஆடறப்ப சொல்றது," என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வார்த்தை என்னவென்று தனக்கும் இன்றுதான் தெரிகிறது, இத்தனை வருஷமும் சத்தத்தை வைத்துத்தான் பாடிக்கொண்டிருந்தேன் என்று மாமா சிரித்தார்.

அக்கா எழுந்து பின்கட்டுக்குப் போனாள். நானும் போனேன். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கெமிஸ்ட்ரி அம்மா, நாற்பது புடவை, ஊதாப் புடவை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்தோம். ஸ்கூல் டீச்சரைச் சொன்னதும் அவள் சிரிப்பு நின்றது. புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். இல்லாத ஒருத்திக்காக முப்பத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது என்று அழுதாள். பிறகு, அதைவிடப் பெரிதாக ஒன்று அவளுக்கு உறைத்தது. மாமா மைக்கில் பேசியது.

"அவரு ஆசைன்னு நெனச்சிக்கினு இருக்காரு, செங்கமலம். நா வேவு பாத்துக்கினு இருந்தன்."

அதற்கப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தாள். சொல்லவே கூடாது என்று நான் சண்டை போட்டேன். அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் பெருமை என்று இருப்பது அந்த ஒன்றுதான், அதைப் பிடுங்கி உனக்கு என்ன ஆகப்போகிறது என்று கத்தினேன். அவள் கேட்கவில்லை. பொய்யான எடையைக் கண்டுபிடித்தவள் தானே பொய்யான எடை போட்டுவிட்டதாக அவளுக்கு ஆகிவிட்டது. மாமா இடது பக்க ஜன்னல் கதையைத் தெருவில் போகிறவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவள் முகம் சுண்டிப்போகும். பதினைந்து நாளில் இளைத்துத் துரும்பாகிவிட்டாள்.

ஒரு மத்தியானம் எனக்குப் போன் செய்தாள். இன்றைக்குச் சொல்லப்போகிறேன், நீ வா, சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றாள். இதற்கெல்லாம் சாட்சியா என்று எரிந்து விழுந்துவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு போனேன்.

மாமா தட்டின் இரண்டாம் பக்கத்தைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி, கடைசிப் பாட்டைக் கேள் என்றார். கேசட்டில் இந்தப் பாட்டு பாதியில் அறுந்துவிடுமாம், நாடா அவ்வளவுதான் இருந்ததாம். பாட்டே அப்படித்தான் முடிகிறது என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாராம். இன்னும் ஒன்றரை நிமிஷம் பாக்கி இருந்திருக்கிறது என்று சொன்னபோது குழந்தை மாதிரி முகம். நான் அக்காவைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் பச்சை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், கை இரண்டும் மடியில்.

அந்தப் பாக்கி ஒன்றரை நிமிஷமும் முடிந்தது. ஊசி ஓரத்தில் தடவிக்கொண்டு சுற்றியது. அக்கா வாயைத் திறந்தாள்.

"ஒண்ணு சொல்லணும். நா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது ஆசையில இல்லீங்க. ஒரு பொம்பள பேரு எனக்குத் தெரிஞ்சி போச்சி. அதுக்கோசரம்தான் வந்தன். இத்தினி வருசமும் அதுக்கோசரம்தான்."

அவள் மேலே சொல்ல மூச்சு எடுத்தாள். மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். நான் பயந்தது வேறு, அங்கே நான் பார்த்தது வேறு. பெருமை இடிந்துபோன முகம் இல்லை அது. கள்ள எடை போட்ட வியாபாரியின் முகம். நெற்றியில் அப்படியே வேர்த்தது.

"கௌசிகா சொன்னாளா?" என்றார்.

அக்கா பேசாததை, எல்லாம் தெரியும் என்பதாக அவர் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்ட ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவளோடு பழக்கமாம். பஸ் இறங்கியதும் பூத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம். கல்யாணத்துக்குப் பின்னாலும் மூன்று மாதம் அப்படித்தானாம். "ஒருநாளு பாத்தா நீ வந்து நிக்கிற. ஆசையா வந்து நிக்கிறியேன்னு எனக்கு வெக்கமா போச்சி, தேவயானி. அன்னியோட விட்டுட்டன். சாமி சத்தியமா விட்டுட்டன்."

விட்டுவிட்டாரா? லேட்டாகும் என்று பூத்துக்குப் போன் செய்வாரே, அந்தப் போன்களில் வேறு என்ன பேசினார்? கௌசிகா முப்பத்து நாலு வயசு வரை யாருக்காகக் கல்யாணம் வேண்டாம் என்றிருந்தாள்? திருப்பதியிலிருந்து சின்னக் குரலில் கேட்ட பெண் உண்மையில் போன் செய்தாளா, இல்லை எங்களைத் திருப்பதிப் பக்கமே பார்க்கவைக்க அந்தக் குரல் பூத்திலேயே பிறந்ததா? இதெல்லாம் என் தலையில் வரிசையாக வந்து நின்றன. இத்தனை வருஷத்தில் ஒருநாள் வந்திருக்கக்கூடாதா? வரவில்லை. எங்களுக்கு நேரமில்லை, நளினியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அக்கா அவரை எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பச்சை ஒயர் அங்கங்கே விட்டுப்போய், அவளே ஊதா ஒயர் வாங்கி முடிந்து வைத்திருந்தாள். மெதுவாக எழுந்தாள். எழுந்தவள் அதில் மறுபடி உட்காராமல், எதிர்ச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"பதிமூணு வருசம் இதுலதான் ஒக்காந்துகினு அவள தேடினன், செங்கமலம்," என்றாள்.

நான் போய் ஊசியைத் தூக்கி வைத்தேன்.